மடியில் உட்கார்ந்து எழுதியவர்கள்

நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் என்று ஒரு பேஸ்பால் மைதானம் இருந்தது. 1908 சீசனில் ஒரு நாள், சிகாகோவின் பெயர்பெற்ற நிருபர் ஹ்யூ ஃபுல்லர்டன் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதற்காக அங்கே போகிறார். அவருக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் லூயிஸ் மேன் என்ற நாடக நடிகர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். மனிதர் எழுந்திருக்கிற மாதிரி இல்லை. ஆட்டமோ ஆரம்பிக்கப் போகிறது. ஃபுல்லர்டன் என்ன செய்தார் தெரியுமா? நடிகரின் மடியிலேயே உட்கார்ந்து செய்தியை எழுதி முடித்தாராம்!

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை இது. அவர்கள் சங்கத்தின் தல புராணமே இதுதான் என்று சொல்லலாம். அதே ஆண்டு, சாம்பியன் யார் என்று முடிவாகிற உலகத் தொடர், சிகாகோ கப்ஸுக்கும் டெட்ராய்ட் டைகர்ஸுக்கும். சிகாகோவில் வெளியூர் நிருபர்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். டெட்ராய்ட்டில் அந்தக் கடைசி வரிசைகூடக் கிடைக்கவில்லை. ஏணி வைத்து ஏறி, பந்தல் கூரைமேல் உட்கார்ந்து, மழையிலும் பனியிலும் எழுத வேண்டியதாயிற்று. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அங்கே நடந்த கடைசி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் வெறும் 6,210 பேர். உலகத் தொடர் வரலாற்றில் அதைவிடச் சின்னக் கூட்டம் இதுவரை கூடியதில்லை. கீழே இருக்கைகள் காலி, மேலே நிருபர்கள் நனைகிறார்கள்!

அதே நாளில், அக்டோபர் 14, 1908 அன்று, டெட்ராய்ட்டில் கூடிச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் என்பது அதன் பெயர். லட்சியம், கொள்கை என்றெல்லாம் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு உட்கார இடம் கொடுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை.

அந்தச் சங்கம் இன்று ஆண்டுதோறும் ஓர் எழுத்தாளரின் வாழ்நாள் உழைப்புக்காகத் தருகிற மரியாதைதான் கரியர் எக்ஸலன்ஸ் அவார்ட். பேஸ்பாலை எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சிகரம் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மேடை, ஒரு மைக், ஒரு நன்றியுரை. திரையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் அப்பப்பா, எத்தனை கூத்து!

தேர்தலிலிருந்து ஆரம்பிப்போம். சங்கம் அமைக்கிற ஒரு சின்னக் குழு மூன்று பெயர்களை முன்வைக்கும். தொடர்ந்து பத்து ஆண்டுகளாவது சங்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. முடிவு வருவது டிசம்பரில், குளிர்காலக் கூட்டத்தில். அந்தக் கூட்டம் ஒரு திருவிழா. முப்பது அணிகளின் பெரிய தலைகளும் ஏஜெண்டுகளும் ஒரே ஹோட்டலில் தங்கி, எந்த வீரரை யாருக்கு விற்கலாம் என்று மூலைக்கு மூலை குசுகுசுப்பார்கள். அதை ஒட்டுக்கேட்க லாபியில் நிருபர்கள் கால் கடுக்க நிற்பார்கள். அந்த ரகளைக்கு நடுவில்தான் நிருபர்களில் ஒருவருடைய பெயரே செய்தியாகிறது. அடுத்தவர் செய்தியைத் துரத்தியே பழகிய கூட்டத்துக்கு அன்று ஒருநாள் கைகால் ஓடாது.

இந்த விருதின் பெயர்க் கதை தனி நாடகம். 1962-இல் விருது தொடங்கியபோது அதன் பெயர் ஜே.ஜி. டெய்லர் ஸ்பிங்க் விருது. முதன்முதலில் அதைப் பெற்றவர் யார்? ஜே.ஜி. டெய்லர் ஸ்பிங்க்! தன் பெயரிலுள்ள விருதைத் தானே பெறுகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். செயின்ட் லூயிஸிலிருந்து வந்த ‘தி ஸ்போர்ட்டிங் நியூஸ்’ பத்திரிகையை 1914 முதல் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கட்டி ஆண்டவர். பேஸ்பாலின் பைபிள் என்று அந்தப் பத்திரிகைக்குப் பட்டம். நேரங்காலம் பார்க்காமல் நிருபர்களுக்கு போன் போட்டு உலுக்குவதில் ஸ்பிங்க் பேர்போனவர்.

அவர் பத்திரிகைதான் 1942 ஆகஸ்டில் ஒரு தலையங்கம் எழுதியது. கறுப்பின வீரர்களைப் பெரிய அணிகளில் சேர்க்கும் பேச்சைக் கிளறுவதால் யாருக்கும் நன்மை இல்லை, இப்போது இருக்கிற பிரிவினையே இரு தரப்புக்கும் நல்லது என்பது அதன் சாரம். அடுத்த ஐந்தாவது ஆண்டில் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் பெரிய அணி ஒன்றில் களம் இறங்கினார். தலையங்கம் குப்பைக்குப் போயிற்று, பெயர் மட்டும் விருதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில்தான் சங்க உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு அதை எடுத்தார்கள். ஒரு பத்தியில் மூன்று பிழை கண்டுபிடிக்கிற கூட்டத்துக்கு இந்தப் பிழை கண்ணில் பட இத்தனை காலமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, விழா நடக்கிற ஊருக்குப் போவோம். நியூயார்க் மாநிலத்தின் உள்ளே, ஆட்ஸீகோ ஏரிக்கரையில் கூப்பர்ஸ்டவுன். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கிராமம். ஜூலைக் கடைசியில் வரும் ஒரு வார இறுதியில் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். 2007-இல் கால் ரிப்கன், டோனி க்வின் என்ற இரு வீரர்கள் இங்குள்ள பேஸ்பால் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்து குவிந்தார்கள். மெயின் ஸ்ட்ரீட் நெடுக மேஜை போட்டு, பழைய வீரர்கள் கையெழுத்து விற்றுக்கொண்டிருப்பார்கள். ஆம், விற்பார்கள், பந்தில் போட ஒரு விலை, பேட்டில் போட ஒரு விலை. ஞாயிறன்று வீரர்களுக்கு வெண்கலப் பட்டயம். அதற்கு முந்தைய சனிக்கிழமை எழுத்தாளருக்கும் வர்ணனையாளருக்கும் விருது. வர்ணனையாளர் விருதுக்கு ஃபோர்டு ஃப்ரிக் பெயர்.

இந்தக் கிராமத்தில் ஏன் இவ்வளவு பெரிய மண்டபம்? 1839-இல் ஆப்னர் டபுள்டே என்பவர் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கமிஷன் தீர்ப்புச் சொன்னது. சுத்தக் கட்டுக்கதை. அந்த ஆண்டு டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கமிஷன் பிறந்த கதை இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர், பேஸ்பால் என்பது இங்கிலாந்துச் சிறுவர்கள் ஆடும் ரவுண்டர்ஸிலிருந்து வந்தது என்று எழுதினார். விளையாட்டுச் சாமான் வியாபாரி ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் ஆட்டம் அசல் அமெரிக்கச் சரக்கு என்று நிரூபிக்க ஆள் சேர்த்தார். அவர்கள் தேடிக் கண்டுபிடித்ததுதான் டபுள்டே. அந்தப் பொய்யின் நூற்றாண்டைக் கொண்டாட 1939-இல் மண்டபம் திறந்தது.

இப்போது அந்த மண்டபத்தின் பட்டயக் கூடத்துக்குள் நுழைந்து பாருங்கள். பேப் ரூத், டை காப் எல்லாரும் வெண்கலத்தில் மின்னுகிறார்கள். எழுத்தாளர்களில் அங்கே பட்டயம் உள்ளவர் ஒரே ஒருவர். யார்? ஊரின் கட்டுக்கதையை ஒப்புக்கொள்ளாத அதே சாட்விக்! ஆட்டத்தின் கதை முழுவதையும் எண்களாகச் சுருக்கித் தருகிற பாக்ஸ் ஸ்கோரை வளர்த்தெடுத்தவர் என்பதால் 1938-இல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

விருது பெற்ற மற்றவர்கள்? இங்கேதான் ஒரு தொழில் ரகசியம். டிசம்பரில் பெயர் அறிவித்ததும் பத்திரிகைகள், இவர் ஹால் ஆஃப் ஃபேமின் எழுத்தாளர் பிரிவில் இடம்பிடித்தார் என்று எழுதும். அப்படி ஒரு பிரிவே கிடையாது! மண்டபத்தின் ஒரு பகுதியில் எழுத்தாளர்கள், வர்ணனையாளர்கள் என்று ஒரு காட்சி உண்டு. அதில் பெயர் ஏறும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கே சமைத்துப் போட்டவருக்குப் பந்தியில் இலை இல்லை என்கிற மாதிரிதான். ஆனால் ஒருவரும் இதற்காக முகம் சுளிப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பெயர்ப் பட்டியலின் முன்னால் நின்றால் காரணம் புரியும். ஸ்பிங்குக்கு அடுத்த ஆண்டே ரிங் லார்ட்னர். பிறகு கிரான்ட்லண்ட் ரைஸ், டேமன் ரன்யன், ரெட் ஸ்மித். அமெரிக்க உரைநடையே வரிசையில் நிற்கிறது.

மடியில் உட்கார்ந்தாரே ஃபுல்லர்டன், அவர் பெயரும் 1964-இல் ஏறியது. அதற்குள் அவர் இறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மனிதர் சாமானியர் அல்ல. 1906 உலகத் தொடரில், 116 ஆட்டங்களை ஜெயித்து வந்த கப்ஸை, பேட்டிங்கே வராது என்று ஊர் சிரித்த ஒயிட் சாக்ஸ் தோற்கடிக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார். உளறல் என்று ஆசிரியர் போட மறுத்துவிட்டார். ஒயிட் சாக்ஸ் ஜெயித்த பிறகு அவசர அவசரமாக அச்சில் ஏற்றினார்கள்! பதின்மூன்று ஆண்டு கழித்து அதே ஒயிட் சாக்ஸ் சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு தோற்றபோது, நிருபர்களுக்கான பிரஸ் பாக்ஸில் ஃபுல்லர்டன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கிறிஸ்டி மேத்யூசன், அந்தக் காலத்தின் மகா பிட்சர். ஆட்டக்காரர் யாராவது வேண்டுமென்றே சொதப்புகிறாரோ என்று சந்தேகம் வந்த இடங்களையெல்லாம் இருவரும் ஸ்கோர் கார்டில் வட்டம் போட்டு வைத்தார்கள். ஃபுல்லர்டன் அதை எழுதியபோது பேஸ்பால் பத்திரிகைகளே அவரைக் கேலி செய்தன. கடைசியில் 1921-இல் அந்த அணியின் எட்டு வீரர்களை ஆயுள் முழுக்க விலக்கிவைத்தார்கள்.

பிரஸ் பாக்ஸ் என்றதும் அங்குள்ள ஒரே சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். கைதட்டக் கூடாது. உள்ளூர் அணி கடைசிப் பந்தில் கோப்பையை ஜெயித்தாலும் ‘உஸ்’. அந்தச் சட்டத்தையே தலைப்பாக வைத்து ஒரு புத்தகம் போட்டவர் சிகாகோவின் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன். பழைய தலைமுறை நிருபர்களைத் தேடிப்போய் டேப் ரெக்கார்டரில் பேசவைத்த புத்தகம். அவருக்கு இன்னொரு பெருமை உண்டு. 1959-இல் பிட்ஸ்பர்க்கின் எல்ராய் ஃபேஸ் என்ற பிட்சர் 18 ஆட்டங்களில் வெற்றி, ஒன்றில் மட்டும் தோல்வி என்று கொண்டாடப்பட்டார். ஹோல்ட்ஸ்மேன் நோட்டைப் புரட்டினார். பல ஆட்டங்களில் ஃபேஸ் வந்து முன்னிலையைக் கோட்டைவிட்டு, பிறகு சக வீரர்கள் அடித்துக் காப்பாற்றியதால் வெற்றி அவர் கணக்கில் விழுந்திருந்தது! முன்னிலையைக் கட்டிக் காப்பவருக்கென்று ‘சேவ்’ என்ற கணக்கை அவர் உருவாக்கினார். 1969-இல் அது அதிகாரபூர்வமானது. கோடிக்கணக்கான டாலர் சம்பளம் அந்த எண்ணையும் பார்த்து நிர்ணயமாகிறது. ஒரு நிருபரின் எரிச்சலுக்கு இப்படியும் ஒரு பலன்.

2023-இல் விருது பெற்ற ஜான் லோவும் இந்தக் கணக்குப்பிள்ளை வம்சம்தான். பிட்சர் குறைந்தது ஆறு இன்னிங்ஸ் வீசி, அவர் கணக்கில் மூன்று ரன்னுக்கு மேல் போகாவிட்டால் அது ‘குவாலிட்டி ஸ்டார்ட்’ என்று 1985-இல் அவர் எழுதியது இன்று டிவி வர்ணனையில் தினமும் காதில் விழுகிறது. இன்னொரு விருதாளர் ஃப்ரெட் லீப் எண்ணுக்குப் போகவில்லை. 1923-இல் யாங்கி ஸ்டேடியம் திறந்தபோது, பேப் ரூத்தை நினைத்து, ரூத் கட்டிய வீடு என்று ஒரு பெயர் வைத்தார். பழைய ஸ்டேடியத்தை இடித்த பிறகும் அந்தப் பெயர் சாகவில்லை. டிக் யங் இன்னொரு வகை. ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் டிரெஸ்ஸிங் ரூமுக்கே இறங்கிப்போய், ஏனப்பா அந்தப் பந்தை விட்டாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிற வழக்கத்தைப் பரப்பியவர் அவர்.

அந்த டிரெஸ்ஸிங் ரூம் கதவு எல்லாருக்கும் திறந்ததா? பிரஸ் பாக்ஸ் கதவே திறக்கவில்லையே! பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையின் வெண்டல் ஸ்மித், ராபின்சனின் பெயரை டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்குச் சொன்னவர். 1947-இல் ராபின்சனோடு ஊர் ஊராகப் போனவர். ஆனால் பிரஸ் பாக்ஸில் அவருக்கு இடம் இல்லை. பார்வையாளர்களுக்கு நடுவே, டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு அடித்தார். ராபின்சனைப் பற்றிய ‘42’ படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. பால்டிமோரின் ஆஃப்ரோ-அமெரிக்கன் பத்திரிகைக்கு எழுதிய சாம் லேசி, நியூ ஆர்லியன்ஸில் உள்ளே விடமாட்டோம் என்றதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பிரஸ் பாக்ஸின் கூரைக்கே ஏறிவிட்டார். சற்று நேரத்தில் நியூயார்க்கின் வெள்ளை நிருபர்கள் சிலரும் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். என்ன இங்கே என்றால், உடம்பில் வெயில் படட்டும் என்று வந்தோம் என்றார்களாம்! எத்தனை நாசூக்கான பொய். இந்த விருதின் வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இந்தக் கூரைதான். 1948-இல் சங்கம் லேசியைச் சேர்த்துக்கொண்டது. வெண்டல் ஸ்மித்துக்கு 1993-ஆம் ஆண்டு விருது, லேசிக்கு 1997-ஆம் ஆண்டு விருது. இரண்டும் ஸ்பிங்க் பெயரில். கொடுத்தவர்கள் சிரித்தார்களா, நெளிந்தார்களா?

பெண்களின் கதைக்கு முன்னால் ஒரு சின்னக் கூத்து. வாஷிங்டன் போஸ்ட்டின் ஷெர்லி போவிச், 1975 விருதாளர். ஷெர்லி என்ற பெயரைப் பார்த்து, அமெரிக்கப் பெண் பிரமுகர்கள் யார் எவர் என்று தொகுத்த புத்தகத்தில் 1958-இல் அவரையும் சேர்த்துவிட்டார்கள். போவிச் மூன்று குழந்தைகளின் அப்பா! பெண்கள் பட்டியலில் ஓர் ஆண் சுலபமாக நுழைந்துவிட்டார். ஆண்களின் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் ஒரு பெண் நிருபர் நுழைய வழக்கே போட வேண்டியிருந்தது. 1977 உலகத் தொடரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் மெலிசா லட்கேயை வெளியே நிறுத்தினார்கள். மறு ஆண்டு நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி, யாங்கி ஸ்டேடியக் கதவைத் திறக்கச் சொன்னார்.

அது அமெரிக்கன் லீக் அணியின் மைதானம்; இன்னொரு லீகான நேஷனல் லீகில் எல்லாக் கதவும் திறந்துவிடவில்லை. 1984 அக்டோபரில், நேஷனல் லீக் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், ரிக்லி ஃபீல்ட். சான் டியாகோ படரஸ் 13-0 என்று கப்ஸிடம் செம அடி வாங்கியிருந்தது. ஹார்ட்ஃபோர்ட் குரான்ட்டின் கிளேர் ஸ்மித் படரஸ் அறைக்குள் போக, அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். கண் கலங்க, டெட்லைன் நெருங்க, வராந்தாவில் நிற்கிறார். அப்போது படரஸின் முதல் பேஸ் வீரர் ஸ்டீவ் கார்வி தானே வெளியே வந்தார். வேண்டிய நேரம் எடுத்துக்கொள், நான் இங்கேயே நிற்கிறேன், உன் வேலையை நீ முடிக்க வேண்டும் என்று சொல்லி, கேட்டதற்கெல்லாம் பதில் தந்தார். பொறுப்பேற்று ஓரிரு நாளே ஆகியிருந்த கமிஷனர் பீட்டர் யூபராத், எல்லா அணிகளும் பெண் நிருபர்களை உள்ளே விட வேண்டும் என்று சொல்ல, கதவுகள் திறந்தன. 2017 ஜூலையில் கூப்பர்ஸ்டவுனின் டபுள்டே ஃபீல்டில் மேடை ஏறிய கிளேர் ஸ்மித்தான் இந்த விருதைப் பெற்ற முதல் பெண்.

இத்தனை பேர் இடத்துக்காக மல்லுக்கட்ட, கிடைத்த இடமே வேண்டாம் என்றவரும் ஒருவர் உண்டு. ரோஜர் ஏஞ்சல். நியூயார்க்கர் இதழில் சிறுகதைகளைத் திருத்துகிற ஆசிரியர். 1962-இல் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களைப் பார்த்து எழுத ஃப்ளோரிடாவுக்குப் போனார். பிரஸ் பாக்ஸுக்குள் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெயிலில் பெரியவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பெஞ்சிலிருந்து எழுதியதுதான் பிறகு பலருக்கும் பாடமாயிற்று. சங்கத்தில் அவர் உறுப்பினர்கூட இல்லை. சான் பிரான்சிஸ்கோ-ஓக்லண்ட் கிளைக்காரர்கள் விடாப்பிடியாக அவர் பெயரை முன்மொழிந்தார்கள். 2014-இல், 93 வயதில், உறுப்பினர் அல்லாத முதல் விருதாளராக மேடைக்கு வந்தார்.

2025-இல் முறை தாமஸ் பாஸ்வெலுடையது. 1969 முதல் 2021 வரை வாஷிங்டன் போஸ்ட். அதில் என்ன விசேஷம் என்றால், 1971 முடிந்ததும் வாஷிங்டன் தன் அணியையே இழந்துவிட்டது. அடுத்த அணி வந்தது 2005-இல். முப்பத்துமூன்று சீசன் சொந்த ஊரில் ஆட்டமே இல்லை! பக்கத்து ஊரான பால்டிமோருக்குப் போய்ப் போய் எழுதியே, அணி இல்லாத ஊரில் பேஸ்பால் வாசகர்களை உயிரோடு வைத்திருந்தார்.

அவருடைய சனிக்கிழமை முடிந்து மறுநாள் ஞாயிறு, ஜூலை 27. மேடையில், ஹால் ஆஃப் ஃபேமில் சேரும் ஜப்பானிய வீரர் இச்சிரோ சுசுகி. ஹால் ஆஃப் ஃபேமுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டும் இதே சங்கத்தாரின் கையில்தான். அந்த ஜனவரியில் எண்ணிய 394 சீட்டில் 393 அவருக்கு. ஒரே ஒருவர் மட்டும் போடவில்லை. யார் அந்தப் புண்ணியவான் என்று நாடே தேடியது; ஆள் வாயைத் திறக்கவில்லை. இச்சிரோ அப்போது, அவரை என் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்துப் பேச ஆசை என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஜூலை மேடையில் ஆங்கிலத்தில் பேசியவர், தன் சாதனைகளை எழுத்தாளர்கள் அங்கீகரித்ததாகச் சொல்லிவிட்டு, ஒருவரைத் தவிர என்று ஒரு நிறுத்தம் விட்டார். கூட்டம் குலுங்கியது. பிறகு அந்த ஒருவருக்கு ஒரு தகவல்: வீட்டில் விருந்துக்கு அழைத்தேனே, அதன் காலக்கெடு முடிந்துவிட்டது.